தாத்தா ஓட்டிய விமானம் எது? போர்க்கால விமானங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி

1982இல் பீட்டர் வேச்சர் என்ற ஆங்கிலேயர் காசிக்குப் போயிருந்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பழைய போர் விமானத்தின் கூடு திறந்த வெளியில் கிடப்பதைக் கண்டார். அது ஹாக்கர் ஹரிக்கேன் வகை. பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக 1947இல் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு யாரும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் அந்தக் கூட்டின் எண் ஆர் 4118 என்று உறுதியானதும், நாற்பது ஆண்டுகளாக யாரும் கேட்காத அதன் கதை முழுவதும் வெளியே வந்தது. குளோஸ்டர் ஆலையில் கட்டப்பட்ட அந்த விமானம் 1940இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 605ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவுக்குப் போனது. லண்டனுக்குத் தெற்கே உள்ள குராய்டன் தளத்திலிருந்து பிரிட்டன் வான்போரில் 49 முறை சண்டைக்குப் பறந்தது. அடிபட்டது, பழுது பார்க்கப்பட்டது. பிறகு 111ஆம் ஸ்குவாட்ரன், அதன்பின் பயிற்சிப் பிரிவுகள், கடைசியில் 1943 டிசம்பரில் பெட்டியில் அடைத்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. வேச்சர் பல ஆண்டுகள் விடாமல் பேசிப் பார்த்து 2001இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 2004 டிசம்பரில் அது மறுபடி பறந்தது. 1940இல் அதை ஓட்டியவர்களில் ஒருவரான பாப் ஃபாஸ்டர் முதிய வயதில் அதை நேரில் வந்து பார்த்தார்.

ஃபாஸ்டர் 605இல் பறந்த ஹரிக்கேன்களில் ஆர் 4118 ஒன்று. அவ்வளவுதான். அதே விமானத்தை வேறு நாட்களில் வேறு விமானிகள் ஓட்டினார்கள். ஃபாஸ்டரும் வேறு நாட்களில் வேறு விமானங்களில் ஏறினார். இந்த ஒரு விஷயம் மனதில் பதியாதவரை இந்தத் தேடலில் இறங்குவது வீண்.

வீட்டில் எப்போதும் ஒருமையில்தான் கேட்பார்கள்: தாத்தா ஓட்டிய விமானம் எது? பெரியப்பா விழுந்து இறந்த விமானம் எது? இரண்டாவதற்கு ஒரே பதில் உண்டு. முதலாவதற்கு இல்லை. ஸ்குவாட்ரன் தலைவர், புகழ்பெற்ற சில விமானிகள் ஆகியோரைத் தவிர, மற்றவர்கள் அன்று காலை பறக்கும் நிலையில் எது இருந்ததோ அதில் ஏறினார்கள். டிப்போவுக்கு டூட்டிக்கு வரும் டிரைவருக்கு இன்று ஒரு வண்டி, நாளை இன்னொரு வண்டி என்பதைப் போலத்தான். முன்னால் மாட்டிய ரூட் போர்டு ஒன்றாக இருக்கலாம், பதிவெண் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தத் தேதியில், இந்த நேரத்தில், அவர் ஏறிய இயந்திரத்தின் எண் என்ன? இதை ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகத்தான் கேட்க முடியும்.

இங்கே பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் அரச விமானப்படையைப் பற்றியே எழுதுகிறேன். இந்தியாவிலும் இலங்கையிலும் அன்று பறந்தவர்களின் தடயம் பெரும்பாலும் அதன் காகிதங்களில்தான் இருக்கிறது. அந்தக் காகிதங்களும் வியக்கத்தக்க அளவுக்கு மிஞ்சியிருக்கின்றன.

எண்ணும் எழுத்தும்

ஒரு பிரிட்டிஷ் போர் விமானத்தின் பின்னுடலில், வாலுக்குச் சற்று முன்னால், எட்டு அங்குல உயரத்தில் சின்னதாக ஒரு எண் எழுதியிருக்கும். அதுதான் வரிசை எண். ஆலையில் கொடுக்கப்பட்டது முதல் உடைத்துக் கழிக்கப்படும் வரை பெரும்பாலும் அது மாறாது. அதற்கு முன்னால், வட்டச் சின்னத்தின் இரு பக்கமும், பெரிய எழுத்துகள் இருக்கும். ஒரு பக்கம் ஸ்குவாட்ரனைக் குறிக்கும் இரண்டு எழுத்து, மறுபக்கம் அந்த விமானத்துக்கு மட்டுமான ஒற்றை எழுத்து. வீட்டுக் கதைகளில் நிலைத்து நிற்பது இந்தப் பெரிய எழுத்துதான். "அப்பா எப்போதும் எஸ் விமானத்தில்தான் போவார்" என்பார்கள். அந்த எஸ் ஒரு நாள் ஜெர்மனியில் விழுந்தால், அடுத்த வாரம் ஆலையிலிருந்து வரும் புதிய விமானத்துக்கும் எஸ் என்றே எழுதுவார்கள். ஒரே எழுத்தில் இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இருந்திருக்கலாம். அப்பா சொன்னது பொய்யாகாது. ஆனால் அது ஒரு விமானமும் ஆகாது.

தலைகீழாகவும் நடக்கும். லண்டன் ஹெண்டன் அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் எண் ஆர் 5868. 1942இல் 83ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தபோது அதன் எழுத்து கியூ. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியர்களின் 467ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போனதும் எஸ் ஆனது. 83இல் இருந்தவரின் குடும்பமும் 467இல் இருந்தவரின் குடும்பமும் எழுத்தை மட்டும் வைத்துத் தேடினால், இருவரும் ஒரே இரும்பைத் தேடுகிறார்கள் என்பதே தெரியாமல் போகும். 137 தாக்குதல்களில் பறந்ததாகச் சொல்லப்படும் அந்த விமானத்தின் மூக்கில், எதிரி விமானம் எதுவும் ஜெர்மன் நிலத்தின் மேல் பறக்காது என்ற ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங்கின் வீறாப்பை எழுதி, அதன் கீழே குண்டுக் குறிகளை வரிசையாக வரைந்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு ஸ்காம்ப்டன் தளத்தின் வாசலில் காட்சிப் பொருளாக நின்ற காலத்தில் அதற்குத் தரைப் பயன்பாட்டு எண் ஒன்றும் இருந்தது: 7325எம். இப்படிக் கடைசியில் எம் சேர்ந்த எண் ஒன்று குடும்பக் காகிதத்தில் தென்பட்டால், அது பறந்த காலத்து எண் அல்ல. பறப்பதை நிறுத்திய பிறகு பயிற்சிக்கோ காட்சிக்கோ வைத்த கூட்டின் எண். அதற்குப் பின்னால் வேறொரு எண் இருக்கிறது.

எண்ணின் இலக்கணம் தெரிந்திருந்தால் பாதிப் பிழைகளை ஆவணக் காப்பகத்துக்குப் போகாமலே பிடித்துவிடலாம். முதலில் ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும் இருந்தன. அது இசட் 9999 வரை போய் முடிந்ததும், 1940இல் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்ட வரிசை தொடங்கியது. நான்கிலக்க எண் 1000இலிருந்து, மூன்றிலக்க எண் 100இலிருந்து. ஆகவே பூஜ்யத்தில் தொடங்கும் எண் எதுவும் சரியாக இருக்க முடியாது. ஐ, ஓ, கியூ போன்ற எழுத்துகள் பயன்படுத்தப்படவில்லை, இலக்கங்களோடும் மற்ற எழுத்துகளோடும் குழம்பிவிடும் என்பதால். பழைய கையெழுத்தில் ஓ என்று தெரிந்தால் அது டியாகவோ ஜியாகவோ இருக்கும். மூன்றாவது ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனை விமானங்கள் கட்டப்படுகின்றன என்று எதிரி எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, வரிசையின் நடுநடுவே வேண்டுமென்றே எண்களைக் காலியாக விட்டார்கள். நீங்கள் படித்த எண் அந்தக் காலி இடத்தில் விழுந்தால், எழுதியவர் தவறியிருக்கிறார், அல்லது நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள். ஏர்-பிரிட்டன் என்ற ஆர்வலர் அமைப்பு இந்த எண் வரிசைகளையெல்லாம் விமானம் விமானமாகப் பட்டியலிட்டு வெளியிட்டிருக்கிறது. விமானி தன் பறப்புகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் லங்காஸ்டர் என்று எழுதி, பக்கத்தில் இருக்கும் எண் பட்டியலில் ஒரு டைகர் மாத் பயிற்சி விமானத்துடையதாக இருந்தால், ஓர் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று பொருள்.

விமானத்தில் எழுதிய பெயர்களையும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். 5,000 பவுண்டு கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு நன்கொடையாளர் விரும்பிய பெயரை எழுதுவார்கள். ஊர், சமஸ்தானம், தொழிற்சாலை, சங்கம் என்று ஏகப்பட்ட பெயர்கள். அந்த விமானம் விழுந்தால் பெயர் இன்னொன்றுக்குப் போவதும் உண்டு. ஸ்குவாட்ரன்களுக்கே இப்படிப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். 234, 264 ஆகிய இரண்டு ஸ்குவாட்ரன்களின் பெயரோடும் "மதறாஸ் மாகாணம்" என்று சேர்ந்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு நம் ஊர் விமானிகள் அங்கே பறந்தார்கள் என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. பெயர் வந்தது இங்கிருந்து போன பணத்தால்.

லாக் புக்

வீட்டில் லாக் புக் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். விமானிக்கு உரியது படிவம் 414, நீல நிற அட்டை போட்ட தடித்த புத்தகம். மற்ற குழுவினருக்கு, அதாவது வழிகாட்டி, துப்பாக்கி வீரர், ஒயர்லெஸ் இயக்குநர் போன்றோருக்கு, படிவம் 1767. விமானியின் புத்தகத்தைத் திறந்தால் இடப்பக்கம் தேதி, விமான வகை, எண், முதல் விமானி, இரண்டாம் விமானி அல்லது பயணி, பணி. வலப்பக்கம் பகல் மணி, இரவு மணி. குண்டுவீச்சுப் படையில் பகல் தாக்குதலைப் பச்சை மையிலும் இரவுத் தாக்குதலைச் சிவப்பிலும் எழுதுவது வழக்கம். மாதக் கடைசியில் மொத்த மணிக்கணக்கு போட்டு, ஸ்குவாட்ரனின் உட்பிரிவான ஃப்ளைட்டின் தலைவரும் ஸ்குவாட்ரன் தலைவரும் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்து இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு வரியும் சரிபார்க்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். அவர்கள் பார்த்தது மணிக்கணக்கை. மணிதான் விமானியின் தகுதி. எண் யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. பல விமானிகள் மாதக் கடைசியில் உட்கார்ந்து முழு மாதத்தையும் ஒரே மூச்சில் எழுதினார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தத்தில் இருபது நாள் பதிவுகள் இருந்தால் அப்படித்தான். அந்தப் பக்கத்து எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

எண் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் எழுத்தை மட்டும் எழுதியிருப்பதும் சாதாரணம். சிலர் இருவகையாகவும் கலந்து எழுதுவார்கள். அந்த மாதிரிப் பக்கங்களில், ஒரே வாரத்தில் ஒரு நாள் எண்ணும் ஒரு நாள் எழுத்தும் இருந்தால் இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றும். நடுவில் விமானம் மாறவில்லை என்று வேறொரு காகிதம் சொல்லும்வரை இணைக்காதீர்கள்.

லங்காஸ்டரில் ஏழு பேர் போனார்கள். ஏழு பேரும் ஏழு லாக் புக் வைத்திருந்தார்கள். தாத்தாவின் புத்தகம் தொலைந்துபோயிருந்தாலும், அதே குழுவில் பறந்த இன்னொருவரின் புத்தகம் கனடாவிலோ நியூசிலாந்திலோ யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும். என் அனுபவத்தில் வழிகாட்டியின் புத்தகமே எல்லாவற்றிலும் ஒழுங்கானது. எண்களோடு வாழ்ந்தவர் அவர். குழுவினரின் பெயர்களைத் தெரிந்துகொண்டு அவர்கள் குடும்பங்களைத் தேடுவது அதிக உழைப்பு பிடிக்கும் வேலைதான். ஆனால் அதைப் போலப் பலன் தரும் வேலை இதில் வேறில்லை.

விமானங்களை ஆலையிலிருந்து தளங்களுக்குக் கொண்டுசேர்த்த ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்சிலரி விமானிகளின் புத்தகங்கள் இன்னும் சிறந்தவை. இன்ன எண்ணுள்ள இயந்திரத்தை இன்ன இடத்தில் ஒப்படை என்பதே அவர்களுடைய வேலை என்பதால் எண் தவறுவது அரிது. 168 பெண்கள் இந்த அமைப்பில் விமானிகளாக இருந்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஏமி ஜான்சன் 1941 ஜனவரி 5 அன்று தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து இறந்தபோது அவர் ஓட்டியது ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்டு வி 3540. பாட்டி விமானம் ஓட்டினார் என்று பிரிட்டனில் ஒரு குடும்பம் சொன்னால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மெய்டன்ஹெட் நகரின் மரபு மையத்தில் அந்த அமைப்பின் காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

போரில் இறந்தவர்களின் லாக் புக்குகளைப் படை சேகரித்துக் குடும்பங்களுக்குக் கொடுக்க வைத்திருந்தது. யாரும் கேட்டு வாங்காதவற்றில் பெரும்பகுதியை 1960 வாக்கில் அழித்துவிட்டார்கள். மாதிரிக்காகச் சிலவற்றை மட்டும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 4 என்ற தொகுப்பில் வைத்தார்கள். மகன் போன துக்கத்தில் ஒரு தாய் கேட்காமல் விட்ட புத்தகம் அப்படி எரிந்துபோயிருக்கும். அந்த முடிவை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கியூவில் இருக்கும் தினப்பதிவு

லாக் புக் இல்லாதவர்களுக்கும், இருப்பதைச் சரிபார்க்க விரும்புபவர்களுக்கும் அடுத்த இடம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஸ்குவாட்ரன் ஒவ்வொன்றும் செயல்பாட்டுப் பதிவேடு ஒன்றை நாள்தோறும் எழுதியது. அவை ஏர் 27 தொகுப்பில் இருக்கின்றன, கணினியிலேயே பதிவிறக்கிப் படிக்கலாம். பதிவேடு இரண்டு படிவங்களால் ஆனது. 540 என்பது நாட்குறிப்பு: வானிலை, வந்தவர், போனவர், விருது, விருந்து. நமக்கு வேண்டியது 541. அதில் பறப்பு வாரியாகத் தேதி, விமான எண், குழுவினர் பெயர், பணி, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், நடந்தது என்ன என்று இருக்கும்.

541ஐத் தட்டச்சு செய்தவர் பெரும்பாலும் விமானத்தையே பக்கத்தில் போய்ப் பார்க்காத ஒரு குமாஸ்தா. முந்தைய வாரத்து வரியைப் பார்த்து இந்த வாரத்தையும் அடித்துவிடுவார். விமானம் ஏற்கெனவே விழுந்த பிறகும் அது இரண்டு நாள் தொடர்ந்து பறந்துகொண்டிருப்பதாக வரும். லாக் புக்கில் வரும் பிழை ஒரு மனிதனின் ஞாபகப் பிழை. பதிவேட்டில் வருவது நகலெடுப்புப் பிழை. இரண்டும் வெவ்வேறு கைகளால் வெவ்வேறு காரணத்துக்காக எழுதப்பட்டவை என்பதால்தான், இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் அதை நம்பலாம். இரண்டும் முரண்பட்டால் நான் பெரும்பாலும் லாக் புக்கின் பக்கம் சாய்வேன், அது அன்றன்று எழுதியதாகத் தெரிந்தால் மட்டும்.

1940இல் போர் விமானப் பிரிவுகள் பலவற்றின் பதிவேட்டில் எண்ணே எழுதவில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை மேலே ஏறி இறங்கிய கோடை அது. பயிற்சிப் பிரிவுகளின் பதிவேடுகளிலும் தனித்தனி விமான எண் கிடைப்பது அரிது. ஆகவே ஒருவர் பயிற்சிக் காலத்தில் ஓட்டிய விமானங்களை அறிய லாக் புக்கை விட்டால் கதியில்லை. விபத்து நடந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதை அடுத்துச் சொல்கிறேன்.

தேதிக் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரவுத் தாக்குதல் ஒரு தேதியில் கிளம்பி மறு தேதியில் முடியும். 1943 மே 16 இரவு ஜெர்மனியின் ரூர் அணைகளைத் தாக்கக் கிளம்பிய 19 லங்காஸ்டர்களில் 8 திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரின் கல்லறையில் இருப்பது மே 17. லாக் புக் கிளம்பிய தேதியைச் சொல்லும், கல்லறை இறந்த தேதியைச் சொல்லும், பதிவேடு இரண்டில் ஒன்றைச் சொல்லும். ஒரு நாள் முன்னும் பின்னும் தேடாமல் "பதிவேட்டில் பெயர் இல்லை" என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நேரத்திலும் இதே சிக்கல். 1941 முதல் போர்க்காலக் கோடைகளில் பிரிட்டன் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது.

எந்த ஸ்குவாட்ரனின் பதிவேட்டைத் திறப்பது என்பதே தெரியாவிட்டால், அவருடைய பணிப்பதிவைப் பெற வேண்டும். எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்று அது வரிசையாகச் சொல்லும். பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்த இந்தப் பதிவுகளை 2022 முதல் படிப்படியாகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறார்கள். பணிப்பதிவில் விமான எண் எதுவும் இருக்காது. ஆனாலும் மற்ற எல்லாக் கதவுகளுக்கும் சாவி அதுதான்.

இயந்திரத்தின் வாழ்க்கைக் குறிப்பு

எண் கிடைத்த பிறகு மனிதனை விட்டுவிட்டு இயந்திரத்தின் பின்னால் போகலாம். ஒவ்வொரு விமானத்துக்கும் படிவம் 78 என்ற அட்டை ஒன்று இருந்தது. ஆலையிலிருந்து எந்தப் பராமரிப்புப் பிரிவுக்கு வந்தது, எந்த ஸ்குவாட்ரனுக்கு எப்போது போனது, எப்போது அடிபட்டது, எப்போது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்பவையெல்லாம் சுருக்கெழுத்தில் இருக்கும். விபத்தானால் படிவம் 1180 என்ற இன்னொரு அட்டை. அதில் விமானியின் பெயரும், எப்படி நடந்தது, யார் தவறு என்ற அதிகாரிகளின் முடிவும் இருக்கும். சில வரிகள் படிக்கக் கடுமையாக இருக்கும். இருபது வயதுப் பையன் மூடுபனியில் மலையில் மோதியதை "விமானியின் தவறு" என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பார்கள். அந்த அட்டையைக் குடும்பத்தாரிடம் காட்டும் முன், அந்த வாரத்து வானிலையையும், அந்தப் பையன் அந்த வகை விமானத்தில் எத்தனை மணி பறந்திருந்தான் என்பதையும் சேர்த்துக் காட்டுவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

78ஆம் அட்டையில் விமானியின் பெயர் இருக்காது. அது சரக்குக் கணக்கு. 541இல் கண்ட எண், அந்தத் தேதியில் அதே ஸ்குவாட்ரனிடம் இருந்ததாக அட்டையும் சொன்னால், வட்டம் பூர்த்தியாகிறது. அட்டையில் தேதி ஒரு வாரம் பின்தங்கியிருப்பது சகஜம், காகிதம் வந்து சேர்ந்த நாளை எழுதுவார்கள்.

இயந்திரமே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. இன்று பறப்பவை இரண்டே இரண்டு. அணைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கை கிப்சன் ஓட்டிய ஈடி 932கூட 1947இல் உடைத்துப் போடப்பட்டது. அதற்கே அந்தக் கதி.

இலங்கையும் செங்குன்றமும்

கிழக்கே வந்தால் காகிதம் மெலிந்துவிடுகிறது. 78ஆம் அட்டையில் கப்பலேறிய தேதிக்குப் பிறகு "இந்தியா" என்று ஒரு சொல் இருக்கும். அதன்பின் பல மாதம், சில சமயம் ஓரிரு ஆண்டு மௌனம். கடைசியில் கணக்கிலிருந்து நீக்கிய தேதி. அந்தத் தேதியும் ஏமாற்றக்கூடியது. கணக்கெடுப்பின்போது மொத்தமாகப் பல விமானங்களை ஒரே நாளில் நீக்கியிருப்பார்கள். எங்கோ காட்டில் ஆறு மாதம் முன்பே விழுந்ததும் அந்தப் பட்டியலில் இருக்கும். சிங்கப்பூரும் ஜாவாவும் விழுந்தபோது ஸ்குவாட்ரன்கள் பல தங்கள் பதிவேடுகளையே இழந்தன. தப்பி வந்தவர்கள் பிறகு நினைவிலிருந்து எழுதியதுதான் இன்று நமக்குக் கிடைப்பது. அதில் எண்ணைத் தேடுவது நியாயமில்லை.

1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் காலி நகருக்கு அருகே கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய, நீரில் இறங்கி ஏறும் கேட்டலினா வகை விமானம் ஏஜே 155இன் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கனடிய விமானப்படையின் 413ஆம் ஸ்குவாட்ரன் அப்போதுதான் இலங்கைக்கு வந்திருந்தது. லியோனார்ட் பெர்ச்சால் தலைமையில் ஒன்பது பேர் அதில் இருந்தார்கள். இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு ஒயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோதே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். மூவர் இறந்தனர், ஆறு பேர் சிறைபிடிக்கப்பட்டனர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. ரத்மலானையிலிருந்து 30ஆம் ஸ்குவாட்ரனும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலையே ஓடுதளமாக்கிக்கொண்ட 258ஆம் ஸ்குவாட்ரனும் ஹரிக்கேன்களில் எதிர்த்துப் போனார்கள். ஏஜே 155இல் பறந்தவர்கள் அன்றைய பறப்பைத் தங்கள் லாக் புக்கில் எழுத வாய்ப்பே இல்லை. பிடிபட்டவர்கள் 1945இல் விடுதலையானதும் சொன்னது, பிரிவின் இழப்புக் குறிப்பு, எதிரியின் காகிதம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் அந்த நாள் தெளிவாகிறது. ஜப்பானியக் கடற்படை விமானக் குழுக்களின் செயல்பாட்டு அறிக்கைகள் மிஞ்சியிருக்கின்றன, கணினியிலும் கிடைக்கின்றன. யார் யார் எந்த அணியில் பறந்தார்கள் என்பது அவற்றில் பெயரோடு இருக்கும். ஆனால் தனித்தனி விமானத்தின் எண் இருக்காது. ஜப்பானிய விமானியின் பேரன் தன் தாத்தாவின் நாளைக் கண்டுபிடித்துவிடலாம், விமானத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. இன்று குடிநீருக்காக மட்டும் நாம் நினைக்கும் செங்குன்றம் ஏரியில் 1942 முதல் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் இறங்கி ஏறின. 240ஆம் ஸ்குவாட்ரன் அங்கே தளம் வைத்திருந்தது. ஒரே பறப்பு பதினைந்து மணி நேரத்தைத் தாண்டிப் போகும் விமானம் அது. அதனால் அந்த லாக் புக்குகளில் பதிவுகள் குறைவு, மணிகள் அதிகம். தேடுபவருக்கு இது பெரிய வசதி. மாதத்துக்குச் சில பறப்புகள்தான், ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு தேதிக்குத் தேதி பொருத்திப் பார்த்துவிடலாம். எட்டு ஒன்பது பேர் கொண்ட குழு என்பதால் மற்றவர்களின் புத்தகமும் உதவும்.

இந்திய விமானப்படையும் அதே படிவங்களில்தான் எழுதியது. போர்க்காலத்தில் அதற்கு ஒன்பது ஸ்குவாட்ரன்கள் இருந்தன: 1 முதல் 4 வரை, 6 முதல் 10 வரை. 1940இல் பிரிட்டனுக்குக் கப்பலேறிய 24 இந்திய விமானிகள் போல, அரச விமானப்படைப் பிரிவுகளிலேயே பறந்தவர்களும் உண்டு. மகிந்தர் சிங் புஜ்ஜி 43, 258 ஆகிய ஸ்குவாட்ரன்களில் ஹரிக்கேன் ஓட்டினார். அப்படிப்பட்டவர்களைத் தேட வேண்டியது கியூவில் உள்ள அந்தந்த ஸ்குவாட்ரன் பதிவேட்டில்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்க விமானத்தின் எண் நிதியாண்டில் தொடங்கும். மெம்ஃபிஸ் பெல் என்ற குண்டுவீச்சு விமானத்தின் எண் 41-24485 என்றால், 1941 நிதியாண்டு ஒதுக்கீட்டில் வாங்கியது. வாலில் எழுதும்போது முதல் இலக்கத்தை விட்டுவிட்டு 124485 என்பார்கள். திரும்பாத ஒவ்வொரு விமானத்துக்கும் 1943 முதல் காணாமல்போன குழு அறிக்கை தயாரித்தார்கள். எஞ்சின் எண், துப்பாக்கி எண், கடைசியாகப் பார்த்தவரின் சாட்சி எல்லாம் அதில் உண்டு. ஆனால் 1973இல் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில் 1912 முதல் 1960 வரை பணியிலிருந்து விலகிய தரைப்படையினரின் பணிப்பதிவுகளில் சுமார் 80 விழுக்காடு எரிந்துபோனது. அன்று விமானப்படை தரைப்படைக்குள் இருந்ததால் அடி அவர்களுக்கும் விழுந்தது. ஜெர்மன் விமானப்படை 1945இல் தன் காகிதங்களில் பெரும்பகுதியைத் தானே கொளுத்திவிட்டது.

திரும்பாதவர்கள்

வீட்டிலிருந்து போய்த் திரும்பாத ஒருவரைத் தேடுபவர்களுக்கு இன்னொரு தொகுப்பு இருக்கிறது: ஏர் 81. விமான அமைச்சகத்தின் இழப்புக் கோப்புகள். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வருகிறார்கள். ஒவ்வொரு கோப்பும் ஒரு விமானத்தையோ ஒரு விபத்தையோ பற்றியது. எண், குழுவினர், தந்திகள், செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்த ஜெர்மன் தகவல், பெற்றோர் கையால் எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கும். 1944 முதல் 1949 வரை காணாமல்போனோர் தேடல் பணிப்பிரிவு என்று ஒன்று ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஊர் ஊராகப் போய் விசாரித்தது. அவர்கள் தேட வேண்டியிருந்தது 40,000க்கும் மேற்பட்டவர்களை. விழுந்து எரிந்த விமானத்தில் பெயின்டில் எழுதிய எண் மிஞ்சாது. எஞ்சினில் பொறித்த எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் மிஞ்சும். அவற்றைக் கணக்கேட்டோடு ஒப்பிட்டு, இது இன்ன விமானம், ஆகவே இந்தக் கல்லறையில் இருப்பவர்கள் இன்னார் என்று முடிவு செய்தார்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையில் ஒரு விமானப்படை வீரரின் கல்லைப் பார்த்தால், அதிலுள்ள தேதியையும் ஸ்குவாட்ரனையும் வைத்துக்கொண்டு இந்தக் கோப்புகளை நோக்கிப் போகலாம். உடல் கிடைக்காதவர்களின் பெயர், பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்தவர்களானால் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்திலும், கிழக்கே பறந்தவர்களானால் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் இருக்கும்.

கண்டுபிடித்ததை எழுதி வைக்கும்போது ஒவ்வொரு பறப்புக்கும் எதிரே எந்தக் காகிதம் அந்த எண்ணைச் சொன்னது என்பதையும் எழுதிவிடுங்கள்: லாக் புக்கா, 541ஆ, அட்டையா, இரண்டு சேர்ந்தா. ஒன்று மட்டும் சொன்னால் "இருக்கலாம்" என்று எழுதுங்கள். எழுத்தை மட்டும் வைத்து ஊகித்ததை அப்படியே ஊகம் என்று எழுதுங்கள். இணையத்தில் ஒருவர் உறுதியாகப் போட்டுவிட்ட தவறான எண்ணைப் பத்துப் பேர் பகிர்ந்த பிறகு திருத்துவது பெரும்பாடு. லாக் புக் உங்களிடம் இருந்தால் பறப்புப் பக்கங்களோடு நிறுத்திவிடாமல் அட்டை முதல் அட்டை வரை படமெடுங்கள். கடைசிப் பக்கங்களில் அவர் ஓட்டிய விமான வகைகளின் பட்டியலும், தேர்ச்சிச் சான்றுகளும், ஸ்குவாட்ரன் மாறிய தேதிகளும் இருக்கும். நடுவில் செருகி வைத்த துண்டுக் காகிதத்தையும் அது இருந்த பக்கத்தோடு சேர்த்தே எடுங்கள். பிறகு ஒரு பிரதியை அந்த ஸ்குவாட்ரனின் சங்கத்துக்கோ ஹெண்டன் அருங்காட்சியகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். அதே விமானத்தில் வேறொரு நாள் ஏறிய வேறொருவரின் குடும்பத்துக்கு அது தேவைப்படும்.